பத்துப் பேரில் தொடங்கும் படை

காலாட்படை எப்படிப் பிரிக்கப்படுகிறது என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: வீரர்களின் கையில் உள்ள ஆயுதம், போரின் நடுவே ஒரு தலைவரால் நேரடியாக நடத்தக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை. ஆயுதம் மாறும்போதெல்லாம் படையின் கட்டமைப்பும் மாறியிருக்கிறது.

சோழர் காலத்திலேயே படைகள் தனித்தனிப் பெயர்களுடன் இயங்கின. வலங்கை வேளைக்காரப் படைகள், தெரிந்த கைக்கோளர் போன்ற பெயர்கள் கல்வெட்டுகளில் வருகின்றன. இப்படைகள் வெறும் ஆள் திரட்டல்கள் அல்ல. கோயில் பணத்தைப் பொறுப்பேற்று நடத்தும் அளவுக்கு நிலைத்த அமைப்புகளாக இருந்ததை தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் காட்டுகின்றன.

துப்பாக்கி வந்த பிறகு ஒழுங்குக்குப் புதிய மதிப்பு வந்தது. 1746-இல் அடையாற்றங்கரையில், சுமார் ஆயிரம் பேர் கொண்ட பிரெஞ்சுப் படை, பல மடங்கு பெரிய ஆர்க்காடு நவாப் படையைச் சிதறடித்தது. அன்றைய துப்பாக்கி குறி தவறுவது அதிகம். மறுபடி மருந்து கெட்டிக்க நேரமும் பிடிக்கும். அதனால் வீரர்கள் தோளோடு தோள் உரச வரிசையில் நின்று, ஒரே உத்தரவில் ஒன்றாகச் சுட்டார்கள்.

அந்தப் பாடத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியும் கற்றது. 1758-இல் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் சென்னைச் சிப்பாய்களை நூறு பேர் கொண்ட கம்பெனிகளாகவும், பின்னர் பட்டாலியன்களாகவும் பிரித்தார். அதே ஆண்டு டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் பகுதியில் இருந்த அன்றைய கறுப்பர் நகரத்தைப் பிடித்துக்கொண்டு, வடபுறத்திலிருந்து தாக்கினார். 1759 பிப்ரவரியில் முற்றுகை தோற்றது.

முதல் உலகப் போரில் இயந்திரத் துப்பாக்கி, நெருங்கி நிற்கும் வரிசைகளுக்கு முடிவு கட்டியது. வீரர்கள் பரவிப் பதுங்க வேண்டியிருந்தது. ஓர் அதிகாரியின் குரல் எல்லோரையும் எட்டவில்லை. தூக்கிச் செல்லக்கூடிய லூயிஸ் துப்பாக்கியும் கையெறி குண்டும் சிறு குழுக்களுக்கே பெரும் பலம் தந்தன. 1917-இல் பிரிட்டிஷ் ராணுவம், கம்பெனியின் உட்பிரிவான பிளட்டூனைத் தனித்தே போரிடக்கூடிய அலகாக மாற்றி அமைத்தது.

இன்றைய இந்தியக் காலாட்படையின் அடிப்படை செக்‌ஷன்: சுமார் பத்துப் பேர், தலைமையில் பெரும்பாலும் ஒரு ஹவில்தார். முன்னேறும்போது இலகு இயந்திரத் துப்பாக்கிக்காரர்கள் இடைவிடாமல் சுட்டு எதிரியைத் தலை தூக்க விடாமல் செய்வார்கள். அந்த மறைவில் மற்றவர்கள் ஓடி அடுத்த பதுங்கிடத்தைப் பிடிப்பார்கள். மூன்று செக்‌ஷன் ஒரு பிளட்டூன். அதைப் பெரும்பாலும் சுபேதார் அல்லது நாயப் சுபேதார் நடத்துகிறார். மூன்று பிளட்டூன் ஒரு கம்பெனி; சுமார் 120 பேர், தலைமையில் மேஜர். நான்கு ரைஃபிள் கம்பெனிகளும், மோர்ட்டார், டாங்கி எதிர்ப்பு ஏவுகணை முதலியவற்றைக் கையாளும் துணைப் பிரிவுகளும் சேர்ந்தது பட்டாலியன். ஏறத்தாழ 800 பேர் கொண்ட அதற்குக் கர்னல் தலைவர். வழக்கமாக மூன்று பட்டாலியன் ஒரு பிரிகேட், மூன்று பிரிகேட் ஒரு டிவிஷன்.

ரெஜிமெண்ட் இந்த ஏணியில் ஒரு படி அல்ல. அது வீரர்களைச் சேர்த்து, பயிற்சி தந்து, மரபைக் காக்கும் குடும்பம். நீலகிரி வெலிங்டனில் பயிற்சி மையம் கொண்ட மெட்ராஸ் ரெஜிமெண்டின் பட்டாலியன்கள் வெவ்வேறு எல்லைகளில், வெவ்வேறு பிரிகேடுகளின் கீழ்ப் பணியாற்றுகின்றன. எங்கே அனுப்பப்பட்டாலும் அவற்றின் வீரர்களுக்குப் போர் முழக்கமும் மரபும் ஒன்றே.