விளம்ப காலத்து இரைச்சல்: டூம் மெட்டலை எடைபோடுதல்

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த பிளாக் சபாத் குழுவின் முதல் இசைத்தொகுப்பு 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்தபோது, அதற்கு மதிப்புரை எழுதியவர்களில் பலர் அதை ஒரு பொருட்டாகவே கருதவில்லை. அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் இதழில் எழுதிய லெஸ்டர் பேங்ஸ், சில ஆண்டுகளுக்கு முன் புகழ்பெற்றிருந்த கிரீம் குழுவின் தரங்குறைந்த சாயல் என்ற பொருள்பட அதை ஒதுக்கித் தள்ளினார். ஆயினும் அத்தொகுப்பு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் எட்டாம் இடத்தைத் தொட்டது. இரண்டே ஆண்டுகளில் பேங்ஸ் வேறோர் இதழில் அக்குழுவைப் பற்றி மதிப்புடன் விரிவாக எழுதினார். 2017இல் ரோலிங் ஸ்டோன் தேர்ந்தெடுத்த நூறு சிறந்த மெட்டல் தொகுப்புகளின் வரிசையில் அக்குழுவின் இரண்டாம் தொகுப்பான ‘பாரனாய்ட்’ முதலிடம் பெற்றது.

திறமையும் செவிநுட்பமும் உள்ளவர்கள் இப்படித் தடுமாறியதற்குக் காரணம் அவர்கள் கையில் இருந்த அளவுகோல். ப்ளூஸ் இசையிலிருந்து கிளைத்த அன்றைய ராக் இசையில், கிட்டார் கலைஞர் எவ்வளவு விரைவாகவும் கற்பனையோடும் தனி ஆவர்த்தனம் வாசிக்கிறார் என்பதே பெரிதாகப் பார்க்கப்பட்டது. பிளாக் சபாத்தின் பலமோ ரிஃப்பில் இருந்தது. ரிஃப் என்பது கிட்டாரில் திரும்பத் திரும்ப ஒலித்து, பாட்டு முழுவதையும் தாங்கி நிற்கும் சிறிய ஸ்வரக் கோவை. அந்த முதல் தொகுப்பின் தொடக்கப் பாடலில் அக்கோவை மூன்றே ஸ்வரங்களால் ஆனது: ஷட்ஜம், மேல் ஷட்ஜம், பிறகு பிரதி மத்திமம். ஷட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் இடைப்பட்ட இத்தொலைவை மேற்கத்திய இசையறிஞர் டிரைடோன் என்பர். அமைதியற்ற இணைப்பு என்று அதை நெடுங்காலம் தவிர்த்துவந்தனர். (தேவாலயம் அதைச் சட்டம் போட்டுத் தடைசெய்தது என்று மெட்டல் ரசிகர்கள் விரும்பிச் சொல்லும் கதைக்கு ஆதாரம் இல்லை.) கல்யாணியிலும் பந்துவராளியிலும் பழகிய செவிக்குப் பிரதி மத்திமம் எந்த அச்சத்தையும் தருவதில்லை, 72 மேளகர்த்தாக்களில் 36இல் அது இருக்கிறது. அப்பாடலில் அது அச்சுறுத்துவதற்குக் காரணம், மிகத் தாழ்ந்த வேகத்தில், பெருத்த ஒலியளவில், தீர்வுக்கு வராமல் அது தொங்கவிடப்படுவதே.

இந்த ஒலியின் பின்னே ஒரு விபத்தும் உண்டு. குழுவின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி பதினேழு வயதில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை எந்திரத்தில் இழந்தார். இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குத் தந்திகளை அழுத்தும் கை அதுவே. உருக்கிய பிளாஸ்டிக்கால் விரலுக்கு உறைகள் செய்துகொண்டு, மெல்லிய தந்திகளைப் பூட்டி, நாளடைவில் தந்திகளின் சுருதியையும் இறக்கினார். 1971இல் வெளிவந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ தொகுப்பின் பல பாடல்களில் சுருதி மூன்று அரைஸ்வரம் இறங்கியிருக்கிறது. இறுக்கம் தளர்ந்த தந்தியிலிருந்து எழுந்த அந்தத் தடித்த நாதமே பின்னாளில் டூம் மெட்டல் என்ற தனிக் கிளைக்கு அடித்தளமாயிற்று.

ஹெவி மெட்டலின் பிற கிளைகள் 1980களில் வேகத்தை நோக்கி ஓடியபோது, லாஸ் ஏஞ்சலிஸின் செயின்ட் வைட்டஸ், சிகாகோவின் ட்ரபிள், ஸ்வீடனின் கேண்டில்மாஸ் ஆகிய குழுக்கள் வேண்டுமென்றே விளம்ப காலத்தைத் தேர்ந்தன. கேண்டில்மாஸ் 1986இல் வெளியிட்ட ‘எபிகஸ் டூமிகஸ் மெட்டாலிகஸ்’ இக்கிளையின் மூலநூல் போல இன்று மதிக்கப்படுகிறது; அன்று அது விலைபோகாததால், வெளியிட்ட நிறுவனம் குழுவைக் கைவிட்டது.

இத்தகைய தொகுப்பு புதிதாக வரும்போது மதிப்புரையாளர் எதைக் கேட்க வேண்டும்? மெதுவாக இருப்பது தன்னளவில் ஒரு தகுதியன்று. சுருதியை இறக்கி, ஒலிபெருக்கியை முடுக்கி, ஐயோமியின் பழைய கோவைகளைச் சற்றே மாற்றி வாசிக்கும் குழுக்கள் ஏராளம். பிரிவு விசுவாசத்தால் அவற்றையெல்லாம் புகழ்வது, 1970இன் அலட்சியத்தைப் போலவே செவியை மூடிக்கொள்ளும் செயலாகும். நல்ல ரிஃப் எட்டாம் முறை வரும்போது முதல்முறையைவிடக் கனம் கூடியிருக்கும்; வெற்று ரிஃப் நான்காம் முறையிலேயே சலிக்கும். இரண்டு டிரம் அடிகளுக்கு இடைப்பட்ட வெளி இழுவிசையோடு இருக்கிறதா, வெறுமனே காலியாகக் கிடக்கிறதா என்பதும், கிட்டாரின் கரகரப்புக்கு அடியில் பேஸ் கிட்டாரின் நாதம் தனித்துக் கேட்கிறதா என்பதும் அடுத்துக் கவனிக்க வேண்டியவை. ஒலிப்பதிவின் இறுதிக்கட்டமான மாஸ்டரிங்கில் எல்லா ஒலிகளையும் ஒரே உரப்புக்கு உயர்த்திவிட்டால் இவ்வேறுபாடுகள் மறைந்துபோகும்; 2008இல் மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெடிக்’ தொகுப்பு இக்குறைக்காகவே ரசிகர்களின் பெருங்கண்டனத்துக்கு ஆளானது. உரப்பும் மௌனமும் மாறிமாறி வந்தால்தான் நிற்கும் டூம் இசைக்கு இது இன்னும் கேடு.

சியாட்டிலைச் சேர்ந்த பெல் விட்ச், பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் மட்டுமே அடிப்படையாகக் கொண்ட இருவர் குழு. 2017இல் அது வெளியிட்ட ‘மிரர் ரீப்பர்’ 83 நிமிடம் நீளும் ஒரே பாடல். முந்தைய ஆண்டு இறந்த முன்னாள் டிரம்ஸ் கலைஞர் ஏட்ரியன் குவேராவின் குரல், முன்பே பதிவான பகுதிகளிலிருந்து எடுக்கப்பட்டு அதன் நடுவே வருகிறது. இதன் பத்து நிமிடங்களை அங்குமிங்கும் கேட்டுப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுபவர் எதையும் மதிப்பிட்டவராகார். அக்குரல் வந்தடையும் இடத்தின் பாரம், அதற்கு முந்தைய நீண்ட காத்திருப்பால் மட்டுமே உண்டாகிறது. இங்கு நீளம் அலங்காரமில்லை, கட்டுமானம். அதே நீளத்தை வேறு பல குழுக்கள் கையாண்டு தோற்றிருக்கின்றன என்பதையும் மதிப்புரையாளர் கூசாமல் எழுத வேண்டும்.

இவ்விசைக்குப் புதிய வாசகர் ‘மிரர் ரீப்பரில்’ தொடங்க வேண்டியதில்லை. ஆறே பாடல்கள் கொண்ட, கேண்டில்மாஸின் ‘எபிகஸ் டூமிகஸ் மெட்டாலிகஸ்’ தொகுப்பே சரியான வாசல். அதை ஒருமுறை கேட்டுப் பிடிக்காமற்போனால், சில வாரம் கழித்து மறுபடி கேட்டுப் பார்த்துவிட்டு முடிவுசெய்யலாம்.