நல்ல துடுப்பைத் தெரிதல்

துடுப்பு வாங்குதல் சிலருக்குச் சிறிய காரியமாகத் தோன்றலாம். ஆயினும், பாடசாலை அணியில் முதன்முறையாக இடம்பெற்ற பிள்ளைக்குத் தோற்பந்தை ஆடத்தக்க துடுப்பொன்றை வாங்கிக் கொடுக்க முற்படும் பெற்றோருக்கு அது சிறிய காரியமன்று. குறைந்த வருவாயுடைய குடும்பமொன்றின் மாதச் செலவிற் பெரும்பங்கை அந்த ஒரு பொருளே விழுங்கிவிடக்கூடும். கடையிலோ ஐம்பது துடுப்புக்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் மீதும் வண்ணத் தாள் மின்னும். எதைப் பார்ப்பது, எதைத் தள்ளுவது என்பதை அறியாதவர் தாளின் அழகுக்கே பணத்தைக் கொடுத்துவிட்டு வருவர். அறிந்தவரோ அதே பணத்துக்கு நல்ல மரத்தைப் பெறுவர்.

துடுப்பு எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்பதை ஆட்ட விதிகளே பெருமளவுக்கு வரையறுத்துள்ளன. 1771ஆம் ஆண்டில், ஹாம்பிள்டன் கழகத்துக்கு எதிரான ஆட்டமொன்றிலே, தோமஸ் வைற் என்பவர் விக்கெட்டின் அகலத்துக்கு ஈடான துடுப்பொன்றை ஏந்தி வந்தார். அதன்பின் துடுப்பின் அகலம் நாலேகால் அங்குலத்துக்கு மேற்படலாகாது என விதி பிறந்தது. அவ்விதி இன்றும் மாறவில்லை. நீளம் 38 அங்குலத்துக்கு மேற்படலாகாது. 1979இல் டெனிஸ் லில்லி பேர்த் மைதானத்தில் அலுமினியத் துடுப்புடன் ஆட வந்தபோது எழுந்த பூசல், துடுப்பின் அலகு மரத்தாலேயே அமைதல் வேண்டும் என்ற விதிக்கு வழிகோலியது. துடுப்புக்கள் பருத்துக்கொண்டே போனமையால், 2017இல் விளிம்பின் தடிப்பு 40 மில்லிமீற்றருக்கும் அலகின் ஆழம் 67 மில்லிமீற்றருக்கும் மேற்படலாகாதென வரம்பு கட்டப்பட்டது.

இனி மரத்தைப் பார்ப்போம். துடுப்புக்கு உரியது வில்லோ மரம். அதிலும் இங்கிலாந்தின் எசெக்ஸ், சபோக் முதலிய பகுதிகளில் நீர்ப்பாங்கான நிலத்தில் வளர்க்கப்படும் வெள்ளை வில்லோ வகையே தலைசிறந்தது. நட்டுப் பதினைந்து, இருபது ஆண்டுகளில் அது வெட்டத்தக்க பருமனை அடைகிறது. வீடு கட்டும்போது யாழ்ப்பாணத்தார் வைரம் பாய்ந்த பனையையே தேடுவர். துடுப்புச் செய்வோர் இதற்கு நேர்மாறானவர். வைரத்தைச் சுற்றியுள்ள இலேசான வெளிறே அவர்களுக்கு வேண்டியது. இலேசாகவும் இருந்து, பந்தின் அடியை உடையாமல் தாங்கி, அதனைத் திருப்பி எறியும் இயல்பு வில்லோவின் வெளிறுக்கு உண்டு. பிளந்த மரத்துண்டுகளை நன்கு உலர்த்தியபின், முகப்பு நார்களை உருளைகளால் அழுத்தி இறுக்குவர். அழுத்தம் குறைந்தால் துடுப்பு விரைவிற் குழிந்துவிடும். மிகுந்தால் பந்து துள்ளிச் செல்லாது. இந்த அளவை அறிவதே துடுப்புத் தச்சரின் முதன்மையான திறன். கைப்பிடியோ பிரம்பினால் ஆனது. அதனை ஆப்புப்போலச் சீவி அலகினுள் இறுக்கிப் பொருத்துவர். கையில் ஏறும் அதிர்வைக் குறைக்கப் பிரம்புகளுக்கிடையே றப்பர்த் தகடுகளை வைப்பதும் உண்டு.

காஷ்மீரிலும் வில்லோ வளர்கிறது. அனந்தநாக் மாவட்டத்திலே, பிஜ்பிகாரா, சங்கம் முதலிய ஊர்களில் துடுப்புப் பட்டறைகள் பல உள. காஷ்மீர் வில்லோ சற்றுப் பழுப்பானது. அடர்த்தியும் பாரமும் கூடியது. பந்தைத் திருப்பி எறியும் ஆற்றலில் ஆங்கில வில்லோவுக்குக் குறைந்தது. ஆனால் விலையோ பன்மடங்கு மலிவு. ஆட்டம் பழகத் தொடங்கும் பிள்ளைக்கு அது போதுமானது. அடுத்த ஆண்டே சிறிதாகிவிடப் போகும் துடுப்புக்கு உயர்ந்த விலை கொடுப்பதிற் பொருளில்லை.

ஆங்கில வில்லோவை முதலாந் தரம், இரண்டாந் தரம் என்று வகுத்து விற்பர். இத்தரங்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தோன்றும் அழகைக் கொண்டே இடப்படுகின்றன என்பதை மறத்தலாகாது. முகப்பில் வரிகள் நேராக ஓடி, மறு ஏதுமின்றி வெண்மையாய் இருந்தால் அது முதலாந் தரம். சிறு கறையோ, விளிம்பில் வைரத்தின் செந்நிறமோ காணப்பட்டால் தரம் இறங்கும், விலையும் இறங்கும். ஆனால் கறை பந்துக்குத் தெரியாது. மூன்றாந் தரத் துடுப்பொன்று முதலாந் தரத்துக்கு நிகராக ஆடுவதும் உண்டு. வரிகளைப் பற்றியும் ஒரு கருத்தை நினைவிற் கொள்ளலாம்: நெருங்கிய வரிகள் உள்ள துடுப்பு விரைவிலேயே நன்றாக ஆடத் தொடங்கும், ஆயின் அதன் ஆயுள் குறைவாயிருத்தல் கூடும். அகன்ற வரிகள் உள்ளது பழகச் சற்றுக் காலம் எடுக்கும், நீடித்து உழைக்கும்.

செய்வோரைப் பற்றிச் சில சொல்லுதல் வேண்டும். கன் அன்ட் மூர் நிறுவனத்தை 1885இல் நொட்டிங்ஹாமில் நிறுவியவருள் ஒருவர் இங்கிலாந்து அணிக்கு ஆடிய வில்லியம் கன். கிறே-நிக்கல்ஸ் என்பது 1855இலும் 1876இலும் தோன்றிய இரு குடும்ப நிறுவனங்களின் இணைப்பு. அவுஸ்திரேலியாவின் கூக்கபரா 1890இல் தொடங்கியது. பந்துக்கும் பெயர் பெற்றது. இன்று இந்தியாவின் மீரட் நகரில் இயங்கும் எஸ்.ஜி. நிறுவனம், 1931இல் சியால்கோட்டிலே தோன்றி, 1947ஆம் ஆண்டுப் பிரிவினையின்பின் இடம்பெயர்ந்தது. சியால்கோட்டும் இன்றுவரை விளையாட்டுப் பொருள்களின் பெருநகராகவே விளங்குகிறது. இந்நிறுவனங்களின் உயர்தரத் துடுப்புக்களுக்கெல்லாம் ஆங்கில வில்லோவே மூலப்பொருள். ஆகவே இவற்றிடையே வேறுபாடு மரத்தில் மட்டும் இல்லை. அழுத்தும் முறையிலும், செதுக்கும் வடிவிலும், எடைச் சமநிலையிலும் இருக்கிறது. பந்து தாழ்ந்து எழும் இந்திய, இலங்கை ஆடுகளங்களுக்கு அலகின் பருமன் கீழே இறங்கிய துடுப்பு ஏற்றது. பந்து உயர்ந்து எழும் அவுஸ்திரேலியக் களங்களுக்குப் பருமன் சற்று மேலே அமைந்தது ஏற்றது. ஒரே நிறுவனத்தின் ஒரே வகையில் இரு துடுப்புக்களும் ஒத்திருப்பதில்லை. எனவே பெயரைக் கேட்டு வாங்குவதிலும், கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதே அறிவுடைமை.

கையில் எடுத்ததும் முதலில் நோக்கவேண்டியது எடை. டொன் பிராட்மன் 2 இறாத்தலுக்குச் சற்றே மிகுந்த துடுப்பினால் ஓட்டங்களைக் குவித்தார். சச்சின் டெண்டுல்கரோ 3 இறாத்தலுக்கும் கூடியதைப் பயன்படுத்தினார். ஆகவே எல்லார்க்கும் ஏற்ற எடை என ஒன்றில்லை. வளர்ந்தோர்க்குரிய துடுப்புக்கள் பெரும்பாலும் 2 இறாத்தல் 7 அவுன்ஸ் முதல் 2 இறாத்தல் 12 அவுன்ஸ் வரை இருக்கும். மேற்கையால் மட்டும் துடுப்பைப் பிடித்து, பின்னே தூக்கி, முன்னே நேராக வீசிப் பார்க்கவேண்டும். மணிக்கட்டுத் தளர்ந்தாலோ அலகு வளைந்து வந்தாலோ அது பாரம் மிகுந்தது. தராசில் ஒரே எடை காட்டும் இரண்டு துடுப்புக்களில் ஒன்று கைக்கு இலேசாகத் தோன்றும், அதுவே சமநிலை.

பெற்றோர் பலரும் செய்யும் தவறு, “வளர்கிற பிள்ளை, இரண்டு வருடம் பாவிக்கட்டும்” என்று பெரிய அளவை வாங்குவது. சட்டையை மடித்துத் தைக்கலாம். துடுப்பை மடிக்க முடியாது. நீளமும் பாரமும் மிகுந்த துடுப்பைத் தூக்கும் பிள்ளை கீழ்க்கையின் வலுவால் குறுக்கே வீசப் பழகிவிடும். அப்பழக்கம் ஊறிவிட்டால் பின்னர் எந்தப் பயிற்சியாளராலும் எளிதில் மாற்ற இயலாது.

வாங்கியபின் உள்ள கடமையும் பெரிது. கொதிக்க வைக்காத ஆளிவிதை எண்ணெயை ஒரு தேக்கரண்டியளவு எடுத்து, முகப்பு, விளிம்பு, அடிநுனி ஆகியவற்றில் மெல்லப் பூசி, படுக்கையாக வைத்து உலரவிடவேண்டும். கைப்பிடி பொருந்தும் இடத்தில் எண்ணெய் படலாகாது. எண்ணெய் மிகுந்தால் மரம் பாரமாகி உயிரிழந்துவிடும். பின்னர் மரச்சுத்தியலாலோ பழைய பந்தாலோ முகப்பை மெல்லத் தட்டத் தொடங்கி, சிறிது சிறிதாக வலுவைக் கூட்டி, பல நாள்களில் நான்கு முதல் ஆறு மணிநேரம் தட்டுதல் நன்று. விளிம்பை நேராக அடிக்காமல், சாய்வாகத் தட்டி மழுக்கவேண்டும். கடையில் தட்டிப் பதப்படுத்தியது என்று விற்கப்படுவதற்கும் ஓரளவு தட்டுதல் தேவையே. வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள்ளும் ஈரத் தரையிலும் துடுப்பை விட்டுவைத்தலாகாது. முகப்பில் மெல்லிய கீறல்கள் தோன்றினால் அஞ்சவேண்டியதில்லை. அது ஆடும் துடுப்பின் இயல்பே.

ஆகவே கடைக்குச் செல்வோர் தாளைப் பாராது மரத்தைப் பார்க்கட்டும். விலையைக் கேட்குமுன் எடையை அறியட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆடப்போகும் பிள்ளையை உடன் அழைத்துச் செல்லட்டும். பிள்ளையின் கைக்கு இசைந்ததே நல்ல துடுப்பு.