உங்களுக்குத் தெரியுமா? பிஸ்டலுக்கும் எடைக்கல் சோதனை!

ஓடியபடியே சுடும் 'பிராக்டிகல்' போட்டியில் உலகெங்கும் செல்லப்பிள்ளை 9 மி.மீ. பிஸ்டல். இந்தியாவில் அது தடைசெய்யப்பட்ட ரகம்; போலீஸ் கையில் பார்க்கலாம், துப்பாக்கி சுடப் பழக விரும்பும் இளைஞருக்குச் சாதாரண உரிமத்தில் கிடைக்காது. அவர் தொடங்க ஏற்றது 4.5 மி.மீ. ஏர் பிஸ்டல். 10 மீட்டர் தள்ளியிருக்கும் இலக்கில் 'பத்து' புள்ளி வட்டத்தின் குறுக்களவு வெறும் 11.5 மி.மீ.!

ஏர் பிஸ்டல் போட்டிக்கு முன் குழலை வானம் பார்க்க நிறுத்தி, விசையில் 500 கிராம் எடையை மாட்டித் தூக்குவார்கள். விசை விடுபட்டால் அந்தத் துப்பாக்கிக்கு அனுமதியில்லை.

வாங்கும்போது விலைக்கு முன் பிடியைப் பாருங்கள். மணிக்கட்டைத் தாங்கினால் விதிமீறல். உள்ளங்கையில் ஆடினால் குறி போச்சு. உதிரிபாகம் கிடைக்குமா என்றும் கேளுங்கள். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டலே நடுப்போட்டியில் பழுதாகி, பொன்னான நிமிடங்களைத் தின்றது.