உங்களுக்குத் தெரியுமா? ஒரு சொல் காப்பாற்றிய தீவு!

இந்தோனேசியாவில், சுமத்ராவுக்கு மேற்கே இருக்கிறது சிமலுவே தீவு. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தின் மையத்துக்கு வெகு அருகில் இருந்த இடம். நிலம் ஆடிய சுமார் 10 நிமிடங்களில் அலை கரையேறிவிட்டது. சைரன் இல்லை, அறிவிப்பு இல்லை. ஆனாலும், ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் 7 பேர்தான்!

காப்பாற்றியது ‘ஸ்மோங்’ என்ற சொல். தீவு மொழியில் ஆழிப்பேரலை என்று பொருள். 1907-ல் கடல் பொங்கி ஊர்களை வாரிச் சென்றபோது தப்பியவர்கள், அந்த அனுபவத்தை ‘நஃபி-நஃபி’ என்ற கதைசொல்லும் கலையில் சேர்த்து, பேரன் பேத்திகளிடம் ஒப்படைத்தார்கள்.

கதை சொல்லும் பாடம்:
• நிலம் பலமாக ஆடுகிறதா? கடலைப் பார்.
• கடல் உள்வாங்குகிறதா? மீன் பொறுக்க நிற்காதே.
• மேட்டுக்கு ஓடு!

97 ஆண்டுகள் கழித்து “ஸ்மோங்!” என்ற கூச்சல் கேட்டதும், ஊர் ஊராகக் குன்றேறினார்கள். இன்று, மேளமும் வயலினும் சேர்ந்த ‘நான்டோங்’ பாட்டிலும் அந்தச் சொல் ஒலிக்கிறது.

அதே அலை நாகப்பட்டினத்தைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நமக்கு நேரம் இருந்தது. அப்படியொரு சொல்தான் இல்லை.