நெய்வேலிக்கு கவுன்சிலர் யாரு?

போன எபிசோடுக்கு வந்த வாய்ஸ் நோட்டுகள்ல ஒண்ணு, லண்டன் ஈஸ்ட் ஹாம்ல தங்கி எம்.எஸ்ஸி. படிக்கிற ஒரு தம்பியோடது. ஊரு நெய்வேலி. அவர் தங்கியிருக்கிற வீட்டுக்கு நியூஹாம் கவுன்சில்ல இருந்து ஒரு கடுதாசி வந்திருக்கு. வாக்காளர் பட்டியல்ல பேர் சேர்க்கச் சொல்லி. கையில இருக்கிறது இந்திய பாஸ்போர்ட், படிக்க வந்த விசா. இது ஏதோ தப்பா வந்த லெட்டரா, இல்ல நிஜமாவே ஓட்டு உண்டாங்கிறதுதான் அவரோட கேள்வி.

உண்டு. பிரிட்டன்ல சட்டப்படி வசிக்கிற காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் அங்க எல்லாத் தேர்தல்லயும் ஓட்டுப் போடலாம். நாடாளுமன்றத் தேர்தல் உட்பட. இந்தியா காமன்வெல்த்ல இருக்கு, அதனால நமக்கும் உண்டு. லண்டன்ல மொத்தம் 32 பரோ. 'பரோ'ன்னா நம்ம ஊர் கணக்குல மாநகராட்சி மண்டலத்தைவிடப் பெரிசு, தனியா நிக்கிற ஒரு நகராட்சி மாதிரி. குப்பை அள்றது, நூலகம், கவுன்சில் வீடுகள், வீட்டு மேல இன்னொரு மாடி கட்டலாமா வேண்டாமாங்கிற அனுமதி, வயசானவங்களுக்கான கவனிப்பு, எல்லாம் அவங்க வேலை. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை எல்லா பரோவுக்கும் ஒரே நாள்ல தேர்தல். 2018, 2022, 2026 அப்படி வரும். ஒரு வார்டுக்குப் பெரும்பாலும் ரெண்டு மூணு கவுன்சிலர். நியூஹாம்ல 66 பேர், அது போக மக்கள் நேரடியா தேர்ந்தெடுக்கிற மேயர். வாக்குச்சாவடிக்கு 2023-ல இருந்து போட்டோ அடையாள அட்டை கொண்டு போகணும். இந்திய பாஸ்போர்ட்டே போதும். இன்னொரு வேடிக்கை, முழுநேர மாணவர்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்கு கவுன்சில் வரி கிடையாது. வரி கட்டாமலே ஓட்டு.

இதுவரைக்கும் இது சாதாரணத் தகவல். என்னை உறுத்தினது வேற. நானும் நெய்வேலி டவுன்ஷிப்ல வளர்ந்தவன். ஒரு மாணவன் லண்டன் போய் ஒரு வருஷத்துல கவுன்சிலருக்கு ஓட்டுப் போட முடியுது. அவனோட அப்பா அம்மா நெய்வேலி குவார்ட்டர்ஸ்ல முப்பது வருஷம் குடியிருந்தாலும் கவுன்சிலருக்கு ஒரு ஓட்டுகூடப் போட்டிருக்க மாட்டாங்க. ஏன்னா அங்க கவுன்சிலரே கிடையாது. நகராட்சி கிடையாது, பேரூராட்சி கிடையாது, ஊராட்சியும் கிடையாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல ஒரு லட்சத்துக்கு மேல பேர் இருந்த ஊர். தமிழ்நாட்டுல அதைவிடச் சின்ன ஊருக்கெல்லாம் நகராட்சித் தலைவர் இருக்கார், கார் இருக்கு, நகர்மன்றத்துல மைக் பிடுங்கற சண்டை இருக்கு. நெய்வேலில இல்ல.

இது எப்படி வந்ததுன்னு தெரிஞ்சுக்க கொஞ்சம் பின்னாடி போகணும். 1930-கள்ல ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்துல கிணறு தோண்டினப்போ தண்ணியோட கறுப்பா ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவாகுது. 1957 மே 20-ல நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைக்கிறார். 1962-ல சோவியத் உதவியோட கட்டின அனல்மின் நிலையத்துல முதல் யூனிட் ஓடுது. இத்தனை ஆயிரம் பேர் வேலைக்கு வர்றாங்க, தங்க இடம் வேணும். சுத்தி இருந்தது முந்திரித் தோப்பும் செம்மண்ணும். அதனால கம்பெனியே ஒரு ஊரைக் கட்டுச்சு. நேர் நேரா சாலை, வட்டம் வட்டமா குடியிருப்பு. வெளியூர்க்காரங்களுக்கு ஒரு விளக்கம்: 'எந்த வட்டம்'னு கேட்டா அது எங்க ஊர்ல 'எந்த பிளாக்'னு அர்த்தம், தாலுகா இல்ல. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மைதானம், தெருவிளக்கு, குடிதண்ணி, சாக்கடை எல்லாம் கம்பெனியோட நகர நிர்வாகம் பார்த்துக்கும்.

நல்லாவே பார்த்துக்கும், அதையும் சொல்லணும். எங்க வீட்டுக்கு விருந்தாளியா வந்த சென்னை சொந்தக்காரங்க குழாயைத் திறந்து பார்த்துட்டு, இங்கேயே இருந்துடலாம்னு சொல்லாம போனது இல்ல. சுரங்கத்துக்குள்ள தண்ணி பொங்காம இருக்க நிலத்தடி நீரை இறைச்சுக்கிட்டே இருக்கணும், அதனால டவுன்ஷிப்புக்குத் தண்ணிப் பஞ்சம் தெரியாது. அதே இறைப்பு பத்தி சுத்துப்பட்டு விவசாயிகள் சொல்றது வேற கதை.

சரி, சட்டம் இதை எப்படி அனுமதிக்குது? 1993 ஜூன்ல நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம்தான் நகர உள்ளாட்சிகளுக்கு உயிர் கொடுத்தது. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தல் நடத்தியே ஆகணும், பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகை விகிதப்படி இடம், பெண்களுக்கு மூணுல ஒரு பங்குக்குக் குறையாம இடம். தமிழ்நாடு 2016-ல அதைப் பாதியா உயர்த்திச்சு. ஆனா அதே திருத்தத்துல, 243-க்யூ பிரிவுல, ஒரு சின்ன வாசல் திறந்து விட்டிருக்காங்க. ஒரு தொழில் நிறுவனம் ஒரு பகுதிக்கு நகராட்சி வேலைகளைச் செய்யுது, அல்லது செய்யப் போகுதுன்னா, ஆளுநர் அதைத் 'தொழில் நகரியம்'னு அறிவிக்கலாம். அங்க நகராட்சி அமைக்க வேண்டியது இல்ல.

அந்த வாசகத்தைக் கூர்ந்து பார்த்தா அது பேசறது முழுக்க சேவையைப் பத்தி. தண்ணி வருதா, குப்பை போகுதா. சேவை கிடைக்குதுன்னா பிரதிநிதி தேவையில்லைங்கிறது அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற எண்ணம். எனக்கு இதுல உடன்பாடு இல்ல. குழாய்ல தண்ணி வர்றது ஒண்ணு, அந்தத் தண்ணி எந்தத் தெருவுக்கு முதல்ல போகணும்னு முடிவு பண்ற கூட்டத்துல என் ஆள் உட்கார்ந்திருக்கிறது இன்னொண்ணு. நகராட்சி இல்லைன்னா கவுன்சிலர் மட்டும் இல்லாம போகல. அந்தப் பாதி இடங்கள்ல வந்திருக்க வேண்டிய பெண்கள், தனி வார்டுல வந்திருக்க வேண்டிய தலித் உறுப்பினர்கள், அவங்களும் சேர்ந்து இல்லாம போறாங்க. நம்ம ஊர்ல நிறைய அரசியல்வாதிகள் வார்டுல இருந்துதான் ஏறி வந்தாங்க. நெய்வேலில அந்த முதல் படியே கட்டப்படல.

அதுக்காக நெய்வேலில தேர்தல் ஜுரம் இல்லைன்னு நினைச்சுடாதீங்க. சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் எல்லாரையும் போல ஓட்டு உண்டு. 2011-ல இருந்து நெய்வேலி தனித் தொகுதி. 2021-ல சபா ராஜேந்திரன் ஜெயிச்சது 977 ஓட்டு வித்தியாசத்துல. டவுன்ஷிப்ல நாலஞ்சு தெரு மனசு மாறியிருந்தா கதையே மாறியிருக்கும். ஆனா எங்க ஊரோட நிஜமான 'வார்டு எலெக்ஷன்' எதுன்னு கேட்டா, சங்கத் தேர்தலைத்தான் சொல்வேன். எந்தத் தொழிற்சங்கத்தோட நிர்வாகம் பேச்சுவார்த்தை நடத்தணும்னு முடிவு பண்ண ரகசிய வாக்கெடுப்பு நடக்கும். தொமுச, சிஐடியு, அண்ணா தொழிற்சங்கம், பாட்டாளி தொழிற்சங்கம்னு பெரிய கட்சிகளோட நிழல் எல்லாம் அங்க இருக்கும். கொடி, நோட்டீஸ், வாயிற்கூட்டம், டீக்கடை கணிப்பு எதுக்கும் குறைவில்ல. சின்ன வயசுல நான் பார்த்த வரைக்கும், குவார்ட்டர்ஸ்ல கூரை ஒழுகுதுன்னாலும் பெரியவங்க முதல்ல தேடிப் போனது சங்கத்துக்காரரைத்தான். அவர்தான் எங்க கவுன்சிலர்.

இதுல ஒரு பெரிய ஓட்டை இருக்கு. அந்த ஓட்டு நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டும். அவரோட மனைவிக்குக் கிடையாது, அவர் பிள்ளைகளுக்குக் கிடையாது. டவுன்ஷிப்ல கடை வச்சிருக்கிறவர், பள்ளிக்கூடத்து வாசல்ல ஆட்டோ ஓட்டறவர், வீட்டு வேலைக்கு வர்ற அக்கா, ஆயிரக்கணக்கான ஒப்பந்தத் தொழிலாளிகள், யாருக்கும் கிடையாது. சங்கம் பிரதிநிதித்துவம் பண்றது வேலையை, குடியிருப்பை இல்ல.

டவுன்ஷிப் எல்லையைத் தாண்டினா நிலைமை அப்படியே மாறுது. மந்தாரக்குப்பம் பக்கம் போனா கெங்கைகொண்டான் பேரூராட்சி, 2022 பிப்ரவரி 19-ல அங்க தேர்தல் நடந்தது. இன்னொரு பக்கம் வடக்குத்து ஊராட்சி, அங்க 2019 டிசம்பர்ல. குவார்ட்டர்ஸ் வேலைக்காரங்களுக்கானது. அறுபது வயசுல ஓய்வு பெற்றா சாவியைத் திருப்பிக் கொடுக்கணும். அதனால பணி ஓய்வு நெருங்கும்போது எல்லாரும் வடக்குத்து, வடலூர் பக்கம் மனை வாங்குவாங்க. என் அப்பாவும் வாங்கினார். 2019-ல அவர் வாழ்க்கையில முதல் தடவையா உள்ளாட்சி ஓட்டுப் போடப் போனார். கையில நாலு சீட்டு கொடுத்தாங்க: ஊராட்சி வார்டுக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். மெஷின் இல்ல, முத்திரை குத்தி மடிச்சுப் போடணும். ஒரு நிமிஷம் திணறிட்டேன்டான்னு வந்து சொன்னார். முப்பத்தாறு வருஷம் கன்ட்ரோல் ரூம் மீட்டரெல்லாம் பார்த்த மனுஷன்.

'தேர்தல் இருந்தா மட்டும் என்ன கிழிச்சுடுவாங்க'ன்னு கேக்கறவங்களுக்கும் நியாயம் இருக்கு, கடலூர் மாவட்டத்துலயே உதாரணம் இருக்கு. 2019 தேர்தல் சமயத்துல பண்ருட்டி பக்கம் நடுக்குப்பத்துல ஊராட்சித் தலைவர் பதவியை ஐம்பது லட்சத்துக்கு ஏலம் விட்டதா செய்தி வந்தது. 2020-ல புவனகிரி ஒன்றியம் தெற்குத்திட்டையில, ஜெயிச்சு வந்த தலித் பெண் தலைவரையே கூட்டத்துல தரையில உட்கார வச்ச போட்டோவை நாடே பார்த்தது. தேர்தலையே நடத்தாம இழுக்கறதும் உண்டு. 2016 அக்டோபர்ல முடிஞ்ச பதவிக்காலத்துக்கு அப்புறம் கிராமங்கள் மூணு வருஷம், நகரங்கள் அஞ்சு வருஷத்துக்கு மேல அதிகாரிகள் கையில இருந்தது. 2025 ஜனவரில வடக்குத்து மாதிரி ஊராட்சிகளுக்கு மறுபடி காலம் முடிஞ்சு தனி அலுவலர்கள் வந்தாங்க. ஆனா ஒரு வித்தியாசம். தெற்குத்திட்டையில நடந்தது அநியாயம்னு எல்லாருக்கும் தெரிஞ்சதுக்குக் காரணம், அங்க அவருக்குன்னு ஒரு நாற்காலி சட்டப்படி இருந்தது. நாற்காலியே இல்லாத இடத்துல யாரைத் தரையில உட்கார வச்சாங்கன்னு எப்படிக் கேட்பீங்க?

இந்தக் கேள்வியை இந்தியாவுல ரொம்பக் காலமா கேட்கிற ஊர் ஜாம்ஷெட்பூர். டாடா கட்டின ஊர். அங்க ஜவஹர்லால் சர்மா 1988-லயே நகராட்சி கேட்டு உச்ச நீதிமன்றம் போனார். கம்பெனி நல்லா நடத்துதே, அதைக் கெடுக்காதீங்கன்னு ஊர்லயே எதிர்ப்புக் குரலும் பலமா இருந்தது. இழுத்து இழுத்து, 2023 டிசம்பர்ல ஜார்கண்ட் அரசு அதைத் தொழில் நகரியம்னு அறிவிச்சது. டாடாவாவது தனியார். நெய்வேலில இருக்கிறது பொதுத்துறை. பெரும்பங்கு இந்திய அரசோடது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. டவுன்ஷிப்புக்கு எவ்வளவு செலவு, எந்த வட்டத்துக்கு என்ன பராமரிப்புன்னு பத்து ரூபாய் கட்டணத்துல மனு போட்டுக் கேட்கலாம். கேட்கலாம், மாத்த முடியாது.

என்னைக் கேட்டா, நாளைக்கே நகராட்சி ஆக்குங்கன்னு சொல்ல மாட்டேன். நிலமும் வீடும் கம்பெனியோடது, வரி யார்கிட்ட வாங்கறது, சம்பளம் யார் கொடுக்கறதுன்னு நூறு சிக்கல் வரும். ஆனா நகர நிர்வாகத்தோட உட்கார்ந்து பேச, குடியிருப்போர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒரு குழு, அதுல பாதி பெண்கள், ஒப்பந்தத் தொழிலாளிக் குடும்பங்களுக்கும் ஓட்டு. இதை 243-க்யூ எங்கயும் தடுக்கல. நகராட்சி 'அமைக்க வேண்டியதில்லை'ன்னுதான் சொல்லுது, மக்களைக் கேட்கக் கூடாதுன்னு சொல்லல.

இது இப்போ அவசரம்னு நான் நினைக்கறதுக்குக் காரணம் இருக்கு. அந்த முதல் அனல்மின் நிலையம் 2020-ல மூடப்பட்டாச்சு. சுரங்கம் நகர்ந்துக்கிட்டே இருக்கு. 2023 ஜூலையில வளையமாதேவில விளைஞ்சு நின்ன பயிர் மேல மண்வெட்டி எந்திரங்கள் இறங்கினதைப் பார்த்தோம். ஊருக்குள்ள என்ன மூடுவாங்க, எதை இடிப்பாங்க, காலி குவார்ட்டர்ஸை என்ன செய்வாங்கங்கிற முடிவுகள் இனிமேல்தான் வரப் போகுது. அதுக்குள்ள ஜனங்க வெளியே நகர்ந்துக்கிட்டே இருக்காங்க. பக்கத்து வடலூர் 2021-ல பேரூராட்சியில இருந்து நகராட்சியாச்சு, அடுத்த பிப்ரவரில தேர்தல். ரிட்டயர் ஆன டவுன்ஷிப்காரங்க நிறையப் பேர் அங்க வரிசையில நின்னாங்க, தங்களோட முதல் கவுன்சிலருக்கு ஓட்டுப் போட.