பாறை சொன்னதும் சொல்லாததும்

மார்கழிப் பூரணை தொடங்கி வெசாக் பூரணை வரையில், எங்கள் கினிகத்தேனைச் சந்தி இரவிலும் உறங்குவதில்லை. அவிசாவளை வழியாக வரும் பெருஞ்சாலையும் நாவலப்பிட்டியிலிருந்து ஏறிவரும் பாதையும் இங்கேதான் கூடுகின்றன. சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரிகர்கள் இங்கு இறங்கித் தேநீர் அருந்திவிட்டு, அட்டனை நோக்கிப் புறப்படுவார்கள்.

அண்மையில் என் மாணவர் இருவர், வகுப்பு முடிந்த பின்னரும் இம்மலையைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தனர். ஒருவன் சைவன், மற்றவன் கிறிஸ்தவன். உச்சியிலுள்ள அடிச்சுவடு சிவபெருமானுடையது என்றான் முதல்வன். ஆதாமின் மலை என்றுதானே உலகப் படங்களில் எழுதியிருக்கிறது என்றான் மற்றவன். குரல் தடித்தபோது இருவரும் என்னிடம் வந்து, “புதைபொருளாராய்ச்சி இதற்கு என்ன தீர்ப்புக் கூறுகிறது, சேர்?” என்று கேட்டனர்.

தீர்ப்புக் கூறுமுன் சாட்சியின் தன்மையை அறிதல் வேண்டும் அன்றோ? நல்ல சாட்சி ஒன்று நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. கினிகத்தேனையிலிருந்து நாவலப்பிட்டி செல்லும் வழியில் அம்பகமுவை என்னும் ஊர் உண்டு. அங்குள்ள பாறையொன்றில் முதலாம் விஜயபாகு மன்னனின் சிங்களச் சாசனம் பொறிக்கப்பட்டுள்ளது. 1070இல் சோழராட்சியை அகற்றிப் பொலன்னறுவையில் அரசோச்சியவன் இவன். மலைக்குச் செல்லும் வழியில் யாத்திரிகர்களுக்கு அன்னமளிக்கும்பொருட்டு இம்மன்னன் கிலிமலே என்னும் கிராமத்தை மானியமாக வழங்கிய செய்தியை அச்சாசனம் கூறுகின்றது. இதே செய்தியைச் சூளவம்சம் என்னும் பாளி நூலும் கூறுகின்றது. நூலும் பாறையும் ஒத்துப்போகின்றன. ஆகவே மன்னனின் கொடை வரலாற்று உண்மை என்பதில் ஐயமில்லை.

ஆனால் சூளவம்சத்துக்கு முற்பட்ட மகாவம்சம், புத்தர் பெருமான் இம்மலையில் பாதம் பதித்ததாகவும் கூறுகின்றது. கொடை மெய்யாகிவிட்டதனால் பாதமும் நிரூபணமாகிவிட்டது எனலாமா? ஆகாது. 11ஆம் நூற்றாண்டில் மக்கள் அதனை வணங்கினர் என்பதற்கே பாறை சாட்சி. அது யாருடைய பாதம் என்பதற்குப் பாறை சாட்சியன்று.

வேதாகம நாடுகளிலும் கதை இதுவே. அசீரிய மன்னன் சனகெரிப் கி.மு. 701இல் யூதேயாவின் மீது படையெடுத்தான் என்று வேதாகமம் கூறுகின்றது. அவன் தானே எழுதுவித்த களிமண் சாசனமும் அதனைக் கூறி, எசேக்கியா அரசனின் பெயரையும் குறிப்பிடுகின்றது. 46 நகரங்களைப் பிடித்ததாகப் பெருமை பேசும் அம்மன்னன், எருசலேமைப் பிடித்ததாக மட்டும் கூறவில்லை. ஆயினும், தேவதூதன் ஒரே இரவில் அசீரியப் படையை அழித்தான் என்பதை எந்தக் களிமண்ணும் நிரூபிக்கவோ மறுக்கவோ இயலாது.

அவசரப்பட்டோர் ஏமாந்ததும் உண்டு. 1930களில் எரிக்கோ நகரில் இடிந்த மதிலொன்றைக் கண்ட ஆராய்ச்சியாளர் ஜோன் கார்ஸ்டாங், யோசுவாவின் காலத்தில் வீழ்ந்த மதில் அதுவே என்று அறிவித்தார். 1952 முதல் 1958 வரை அங்கே அகழ்ந்த கத்லீன் கெனியன் அம்மையாரோ, அம்மதில் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் முந்தியது என்று காட்டினார்.

மறுபக்கத்தில் அவசரப்பட்டோரும் உளர். தாவீது வெறும் கற்பனை என்று சில அறிஞர் வாதித்து வந்தனர். 1993இல் தெல்தான் என்னுமிடத்தில் கி.மு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்லொன்று கிடைத்தது. அதில் தாவீதின் வமிசம் குறிப்பிடப்பட்டிருப்பதாகப் பெரும்பாலான அறிஞர் ஏற்றுக்கொண்டுள்ளனர். இன்று கிடைக்காதது என்றுமே இல்லாததாகிவிடாது என்பதற்கு இது நல்ல பாடம். எனினும், கோலியாத்தை வீழ்த்திய கவண்கல்லை இக்கல் நம் கையில் கொண்டுவந்து தரவில்லை என்பதையும் மறத்தலாகாது.

இனி ஆதாமுக்கு வருவோம். ஆதியாகமத்தில் இலங்கையின் பெயரே இல்லை. ஆதாம் இம்மலையில் இறங்கினார் என்பது இஸ்லாமிய மரபில் வளர்ந்த நம்பிக்கை. 14ஆம் நூற்றாண்டில் இபுனு பதூதா அந்நம்பிக்கையுடனேயே மலையேறினார். பின்னர் வந்த போர்த்துக்கேயரும் அப்பெயராலேயே மலையை அழைத்தனர். சைவரின் நம்பிக்கையும் பௌத்தரின் நம்பிக்கையும் இவ்வாறே அகழ்வாராய்ச்சியின் மண்வெட்டிக்கு எட்டாதவை. இதனால் எந்தச் சமயத்துக்கும் தாழ்வில்லை. ஏனெனில் பக்தி மண்வெட்டியை நம்பிப் பிறந்ததன்று. ஆனால் மண்வெட்டியின் பெயரைச் சொல்லி அயலவனின் பக்தியைப் பொய்யென்பதும், தன்னுடையதை விஞ்ஞானமென்பதும் கல்விக்கு இழுக்கு.

இதைக் கேட்ட மாணவர் இருவரும் சிறிது நேரம் மௌனமாயிருந்தனர். பின்னர், “அப்படியானால் நிச்சயமாகத் தெரிந்தது எதுதான், சேர்?” என்று கேட்டான் சைவ மாணவன்.

“ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னரும் இவ்வழியே மனிதர் பசியோடு நடந்தனர், அவர்களுக்குச் சோறிட ஒருவன் ஒரு கிராமத்தையே கொடுத்தான். அது நிச்சயம்” என்றேன்.

அடுத்த விடுமுறையில் இருவரும் சேர்ந்தே அம்பகமுவைக்குப் போய் அப்பாறையைப் பார்த்து வருவதாகக் கூறிச் சென்றனர்.