வானொலியிற் புகுந்த வீதிப் பாட்டு: ஜோன் றிவாசின் வாழ்வும் பணியும்

வானொலியில் இசைத்தட்டுக்களைச் சுழலவிட்டு, அவற்றுக்கிடையே பேசும் அறிவிப்பாளரின் தொழில் மிக எளிதென்று பலரும் கருதுவர். பாட்டின் பெயரையும் பாடினோர் பெயரையும் கூறுவதோடு அவர் கடமை முடிந்துவிடும் என்பது அவர்தம் எண்ணம். ஆயின், எப்பாட்டு ஒலிக்கும், எப்பாட்டு ஒலியாது என்று தீர்மானிக்கும் வாயிற்காவலரும் பெரும்பாலும் அவரே. சமுதாயத்தில் ஒரு சாரார் பாடும் பாட்டு மறுசாரார் செவிக்கு எட்டுவதும் எட்டாதொழிவதும் ஓர் அறிவிப்பாளரின் துணிவைப் பொறுத்திருந்த காலங்கள் உண்டு. நியூயோர்க் நகரில் ஹிப்ஹொப் என்னும் வீதிக் கலையை வானொலியில் ஏற்றிய ஜோன் றிவாஸ் என்பாரின் வரலாறு இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும். 'மிஸ்டர் மாஜிக்' என்னும் பெயராலேயே நேயர்கள் அவரை அறிந்திருந்தனர்.

கண்டிப் பகுதியினர்க்கு இவ்வகை வரலாறு முற்றிலும் புதியதன்று. இரண்டாம் உலகப்போரின்போது, 1944 இல், தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமையகம் டெல்லியிலிருந்து பேராதனைப் பூந்தோட்டத்துக்கு மாற்றப்பட்டது. மவுண்ட்பேட்டன் பிரபுவின் ஆணைக்குட்பட்ட அப்படையினரை மகிழ்விக்கக் கொழும்பில் 'றேடியோ சியாக்' என்னும் நிலையம் இயங்கிற்று. பிற்காலத்தில் பி.பி.சி.யின் இசைத்தட்டு நிகழ்ச்சிகளாற் புகழ்பெற்ற டேவிட் ஜேக்கப்ஸ் அந்நிலையத்தில் அறிவிப்பாளராய் இருந்தவரே. போர் முடிந்தபின் அதன் ஆற்றல்மிக்க ஒலிபரப்புக் கருவிகள் இலங்கை வானொலியின் கைக்கு வந்தன. 1950 இல் வர்த்தக சேவை தொடங்கியது. விளம்பரம் செய்வோர் வானொலி நேரத்தை விலைகொடுத்து வாங்கலாம் என்பதே அச்சேவையின் அடிப்படை.

அவ்வடிப்படை எதிர்பாராத விளைவொன்றைத் தந்தது. 1952 இல் இந்திய அமைச்சராய் வந்த கேஸ்கர், சினிமாப் பாட்டுக்கள் தரங்குறைந்தவை என்று கருதி, அகில இந்திய வானொலியில் அவற்றைக் கட்டுப்படுத்தினார். நேயர்களோ இலங்கையை நாடினர். பற்பசை விற்போர் பணத்தில் அமீன் சயானி நடத்திய 'பினாக்கா கீத்மாலா' அவ்வாண்டிலேயே கொழும்பிலிருந்து ஒலிக்கத் தொடங்கிற்று. தமிழ்ப் பகுதியில் எஸ். பி. மயில்வாகனத்தின் குரலைப் பாக்கு நீரிணையின் இருகரையிலும் கேட்டனர். டெல்லியில் அறிஞர் அடைத்த கதவைக் கொழும்பில் வணிகர் திறந்தனர். இது நன்றா தீதா என்று வழக்காடுவோர் இன்றும் உளர். ஆயினும், 1957 இல் இந்திய அரசே 'விவித பாரதி'யைத் தொடங்கிச் சினிமாப் பாட்டுக்களுக்கு இடமளிக்க நேர்ந்தமை கருதற்பாலது. நியூயோர்க்கில் நிகழ்ந்ததும் ஏறத்தாழ இதுவே.

ஹிப்ஹொப் கலையின் பிறப்பிலும் வானொலிக்குப் பங்குண்டு. ஜமேக்காத் தீவினர் மியாமி, நியூ ஓர்லியன்ஸ் முதலிய அமெரிக்க நகரங்களின் வானொலிகளைக் கேட்டு வந்தனர். கறுப்பின அறிவிப்பாளர்கள் பாட்டின்மேல் விரைந்து பேசும் பாணி அவர்களைக் கவர்ந்தது. தீவின் தெருக்களில் பெரிய ஒலிபெருக்கிகளை வைத்து ஆட்டம் நடத்தியோர் அப்பாணியைத் தமதாக்கிக்கொண்டனர். ஜமேக்காவிலிருந்து 1967 இல் நியூயோர்க்குக்குக் குடிபெயர்ந்த சிறுவனே பின்னர் கூல் ஹேர்க் எனப் பெயர்பெற்றான். 1973 ஆகஸ்ட் 11 ஆந் தேதி, பிரொங்ஸ் பகுதியிலுள்ள மாடிக்குடியிருப்பு ஒன்றில் தன் தங்கை நடத்திய விருந்தில் அவன் இசைத்தட்டுக்களைச் சுழற்றினான். பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியில் ஆடுவோர் உற்சாகம் மிகுதலைக் கண்டு, ஒரே தட்டின் இரு பிரதிகளை மாற்றி மாற்றி ஓடவிட்டு அப்பகுதியை நீளச்செய்யும் முறையை அவன் கையாண்டான். அத்தாளத்துக்கு இயையப் பேசும் பேச்சே 'ராப்' ஆயிற்று. அடிதோறும் இறுதிச் சொற்கள் ஒத்து வருதலே அதன் உயிர். தமிழ் யாப்பில் இதனை இயைபுத்தொடை என்பர். தப்பொலிக்கு ஏற்பச் சொல் உருளும் தோட்டத்துக் கூத்துக்களைக் கேட்டுப் பழகிய மலையகத்தார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

வானொலிப் பேச்சிலிருந்து தோன்றிய இக்கலைக்கு வானொலியிலேயே இடமில்லாதிருந்தது விந்தை. 1979 இல் வெளிவந்த 'றப்பர்ஸ் டிலைட்' என்னும் தட்டு பல்லாயிரக்கணக்கில் விற்பனையாகியும், அதனை ஒருநாள் வேடிக்கையென்றே நிலையத்தார் எண்ணினர். 1956 இல் பிறந்த றிவாஸ் அக்காலத்தில் இருபது வயதைக் கடந்த இளைஞர். டபிள்யூ.எச்.பி.ஐ. என்னும் சிறு நிலையம் தன் நேரத்தைக் கூறுகூறாக விற்று வந்தது. பல நாட்டிலிருந்தும் குடியேறியோர் தத்தம் மொழியில் நிகழ்ச்சி நடத்தும் இடம் அது. அங்கே நள்ளிரவு கடந்த நேரத்தை றிவாஸ் விலைக்கு வாங்கினார். பிறர் உறங்கும் வேளையில் அவர் தட்டுக்களை ஒலிக்கச் செய்ய, இளைஞர் விழித்திருந்து அவற்றை ஒலிநாடாக்களிற் பதிவுசெய்து கைமாற்றிக்கொண்டனர்.

1982 இல் டபிள்யூ.பி.எல்.எஸ். என்னும் பெருநிலையம் அவரை அழைத்தது. அந்நிலையத்தின் உரிமையாளரும் கறுப்பினத்தவரே. ஆயினும் கற்றோரும் நடுத்தர வகுப்பினரும் விரும்பும் மென்மையான இசையே அதன் சிறப்பு. தம்மினத்து ஏழைப் பிள்ளைகளின் பாட்டு வணிகர்க்குப் பிடிக்குமோ என்ற ஐயம் அங்கும் இருந்தது. அந்நிலையத்தில் வார இறுதி இரவுகளில் றிவாஸ் நடத்திய 'ராப் அட்டாக்', பெரிய வர்த்தக நிலையமொன்றில் ராப் இசைக்கென்றே அமைந்த முதல் நிகழ்ச்சியாகக் கருதப்படுகின்றது. அவ்வாண்டிலேயே ஹூடினி என்னும் குழுவினர் அவரைப் பாராட்டித் தட்டொன்று வெளியிட்டனர். பாடகரை அறிவிப்பாளர் புகழ்தல் உலக வழக்கு. இங்கு அது தலைகீழாயிற்று.

அவர் ஆற்றலை விளக்க ஒரு நிகழ்ச்சி போதும். யூ.ரீ.எப்.ஓ. என்னும் குழுவினர் றிவாசும் அவர் நண்பரும் ஏற்பாடு செய்த அரங்கொன்றுக்கு ஒப்புக்கொண்டு வாராதொழிந்தனர். றொக்ஸேன் என்னும் பெண்ணைப் பழித்துப் பாடியிருந்தோர் அக்குழுவினர். 14 வயதுச் சிறுமியான லொலிற்றா சான்ரே கூடன் என்பாள், அப்பெண்ணே மறுமொழி கூறுவதுபோல் 1984 இல் ஒரு பாட்டைப் பாடினாள். றிவாசின் துணைவர் மார்லி மார்ல் தம் வீட்டிலேயே அதனைப் பதிவுசெய்ய, றிவாஸ் ஒலிபரப்பினார். அதற்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு என்று தட்டுக்கள் பல பெருகின. காமன் எரிந்தானா இல்லையா என்று எரிந்தகட்சி, எரியாதகட்சியார் இரவெல்லாம் லாவணி பாடி வழக்காடும் தமிழக மரபை இது நினைவூட்டும். ஒரு வேறுபாடு: லாவணிக்கு ஓர் ஊர் மந்தையே களம், இதற்கு ஒரு மாநகரம் முழுவதும் களமாயிற்று.

ஆயினும் றிவாசை நிறைமனிதராகக் காட்டுவது உண்மைக்குப் புறம்பாகும். கதவைத் திறந்தவர் விரைவில் அக்கதவின் காவலரானார். தம்மைச் சார்ந்தோர் தட்டுக்களையே பெரிதும் போற்றினார். 1986 அளவில் தம் தட்டுடன் அணுகிய புதியோர் சிலர் அலட்சியப்படுத்தப்பட்டனர் என்றும், அவர்கள் அமைத்த பூகி டவுண் புரொடக்சன்ஸ் குழுவின் பகைமைக்கு அதுவே வித்து என்றும் கூறுவர். அவர்தம் தட்டுக்களைப் போட்டி நிலையத்தில் றெட் அலேட் என்னும் அறிவிப்பாளர் ஒலிபரப்பினார். பின்னர் உலகப் புகழ்பெற்ற பப்ளிக் எனிமி குழுவின் முதற் தட்டையும் றிவாஸ் வானொலியிலேயே இகழ்ந்தார். கேஸ்கர் இசைப்பற்றினால் செய்ததை இவர் கட்சிப்பற்றினால் செய்தார். போட்டி நிலையம் ஒன்று இல்லாதிருப்பின் அப்புதியோர் குரல் என்னாகியிருக்கும் என்பது சிந்தித்தற்குரியது.

இலங்கையில் அத்தகைய போட்டி நெடுங்காலம் இருந்ததில்லை. கொத்மலை நீர்த்தேக்கத்தை அடுத்து 1989 இல் சமூக வானொலி தோன்றியது. சூரியன், சக்தி என்னும் தனியார் தமிழ் வானொலிகள் 1998 இலேயே எழுந்தன. இலங்கைப் பெற்றோர்க்கு இங்கிலாந்திற் பிறந்து, இளமையில் ஹிப்ஹொப் கலையில் ஈடுபட்ட நிகால் ஆர்த்தநாயக்க, 2002 இல் பொபி பிரிக்சனுடன் சேர்ந்து பி.பி.சி.யில் தெற்காசிய இளைஞரின் இசைக்கென நிகழ்ச்சி நடத்தத் தொடங்கினார்.

1980களின் இறுதியோடு றிவாசின் செல்வாக்குத் தேய்ந்தது. ராப் இசை பகலிலும் ஒலிக்கத் தொடங்கியபின் அதற்கென்று ஓர் இரவுக் காவலர் வேண்டியதில்லை. 2009 அக்டோபர் 2 ஆந் தேதி மாரடைப்பினால் அவர் காலமானார். அப்போது வயது 53. எனினும் அவர் குரல் மறையவில்லை. 2002 இல் வெளிவந்த 'கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ: வைஸ் சிட்டி' என்னும் கணினி விளையாட்டிலுள்ள கற்பனை வானொலியொன்றின் அறிவிப்பாளராய்ப் பேசுபவர் அவரே. கண்டியிலும் கட்டுகஸ்தோட்டையிலும் அவ்விளையாட்டில் ஈடுபட்ட சிறுவர், யாருடைய குரலென்று அறியாமலே அதனைக் கேட்டிருப்பர்.